"பர்லெஸ்க் என்றால் என்ன, சார்?"

பதினோராம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து இக்கேள்வியைக் கேட்டார். நூலகத்தில் எடுத்த இலக்கிய வரலாற்று நூலில் அச்சொல்லைப் பார்த்திருக்கிறார். "கேலி நாடகம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மறுநாள் அவர் தயங்கித் தயங்கி, "கைப்பேசியில் தேடினேன் சார், வேறு மாதிரிப் படங்கள் வருகின்றன" என்றார். நான் சொன்ன விடை தவறில்லை, ஆனால் போதவில்லை. அந்தக் குறையால் சங்கடப்பட்டவர் அந்த மாணவி.

சொல்லின் வேர்

இத்தாலிய மொழியில் 'பூர்லா' என்றால் கேலி, குறும்பு. அதிலிருந்து பிறந்த சொல், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உச்சரிக்கும்போது அழுத்தம் 'லெஸ்க்' என்னும் பகுதியில் விழும். பெயர்ச்சொல், பெயரடை, வினைச்சொல் என மூன்றாகவும் இது வழங்கும்.

சிரிப்பு எங்கே பிறக்கிறது?

பொருளும் நடையும் பொருந்தாதபோது பிறக்கிறது. இதில் இரு வகை உண்டு.

முதல் வகையில், அற்பப் பொருள் காவிய நடையில் சொல்லப்படும். அலெக்சாண்டர் போப் 1712இல் வெளியிட்டு, 1714இல் விரிவாக்கிய 'தி ரேப் ஆஃப் தி லாக்' இதற்குச் சிறந்த சான்று. ஓர் இளம்பெண்ணின் கூந்தல் சுருளை ஒருவர் கத்தரித்துவிடுகிறார், நடந்தது அவ்வளவுதான். ஆனால் அவள் ஒப்பனை செய்துகொள்வது வீரன் போர்க்கோலம் பூணுவதுபோலவும், சீட்டாட்டம் பெரும் போர்போலவும் வருணிக்கப்படும். தலைப்பின் முதற்சொல்லுக்கு இங்கே 'கவர்ந்து செல்லுதல்' என்னும் பழைய பொருளே உரியது. இதையும் மாணவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் வகை இதன் தலைகீழ். உயர்ந்த பொருள் தாழ்ந்த நடையில் வரும். பிரான்சின் பால் ஸ்காரோன், வெர்ஜிலின் காவியத்தை 1648 முதல் இவ்வாறு கேலியாக மாற்றி எழுதினார். அதில் தேவர்களும் வீரர்களும் சாதாரண மக்களின் கொச்சைப் பேச்சில் பேசுகிறார்கள்.

நெருங்கிய சொற்கள்

'பேரடி' ஒரு குறிப்பிட்ட படைப்பையோ படைப்பாளியின் நடையையோ போலச் செய்வது. 'சட்டயர்' குற்றத்தைச் சாடுவது. தமிழில் இதை அங்கதம் என்கிறோம். தொல்காப்பியம் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என அதை இருவகைப்படுத்துகிறது. பர்லெஸ்க்கைப் 'பகடி' என்று சொல்லலாம். ஆனால் பேரடிக்கும் அச்சொல்லே வழங்குவதால், 'பொருளுக்குப் பொருந்தாத நடையில் செய்யும் பகடி' என விளக்கினால் குழப்பம் வராது.

மேடையில் மாறிய பொருள்

அப்படியானால் கைப்பேசியில் வந்த படங்கள்? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், புகழ்பெற்ற நாடகங்களையும் புராணக் கதைகளையும் கேலி செய்த பாட்டு நாடகங்களுக்குப் பர்லெஸ்க் என்று பெயர். 1868இல் லிடியா தாம்சனின் குழு அவற்றை நியூயார்க்குக்குக் கொண்டுசென்றது. பெண்கள் ஆண் வேடமேற்று, உடலோடு ஒட்டிய உடையில் நடித்தது பரபரப்பானது. பின்னர் அமெரிக்க மேடையில் கதை சுருங்கியது; துணுக்குச் சிரிப்பும் நடனமும் பெருகின; 20ஆம் நூற்றாண்டில் ஆடை களையும் நடனம் முதன்மை பெற்றது. 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் இத்தகைய அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. கேலி மறைந்தும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதை மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. "அமெரிக்காவில் இச்சொல் பிற்காலத்தில் ஒருவகைக் கேளிக்கை நடனத்துக்கும் பெயராயிற்று, நம் பாடத்தில் வருவது இலக்கியப் பொருள்" என்று இயல்பாகச் சொன்னால் போதும். நாம் சொல்லாமல் விட்டால் தேடுபொறி சொல்லும், அதுவும் முன்பின் இல்லாமல்.

வகுப்பறையில் செய்து பார்க்க

காணாமல் போன அழிப்பானைப் பற்றிக் காவிய நடையில் ஐந்து வரிகள் எழுதச் சொல்லலாம். அடுத்து, ஓர் அரசன் தன் போர் வெற்றியைத் தேநீர்க் கடைப் பேச்சில் சொல்வதாக எழுதச் சொல்லலாம். ஒரே ஒரு விதி: சிரிப்பு நடையின் மீது விழ வேண்டும், சக மாணவரின் உருவம், பேச்சு, குடும்பம் எதன் மீதும் விழக் கூடாது.

அன்று கேள்வி கேட்ட மாணவியிடம், "நேற்று நான் பாதிதான் சொன்னேன்" என்று தொடங்கி, முழு வகுப்புக்கும் விளக்கினேன். அவர் முகத்திலிருந்த தயக்கம் போயிற்று. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, அது எந்தக் காலத்தில் எந்த இடத்தில் அப்படி வழங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல அன்று கற்றுக்கொண்டேன்.