கழிவுக் கண்ணாடியும் கட்டடப் பொருளும்

உடைந்த கண்ணாடி ஒட்டாது என்பது உலக வழக்கு. ஆயினும், அக்கண்ணாடியே மாவாக அரைக்கப்படுமிடத்துக் கல்லையும் மணலையும் ஒட்டவைக்கும் பசையின் ஒரு கூறாகின்றது. இவ்வியல்பு ஆராயத்தக்கதாம்.

போத்தல்களும் யன்னற் கண்ணாடிகளும் மணல், சோடா, சுண்ணாம்புக்கல் என்பன உருக்கிச் செய்யப்படுவன. அவற்றின் நிறையில் நூற்றுக்கு 70 பங்கு வரை சிலிக்காவே. கண்ணாடியைப் பன்முறை உருக்கிப் புதுப் போத்தலாக வார்க்கலாம். அதனால் அதன் தரங் குன்றாது. ஆனால், பல நிறங் கலந்தும் மட்பாண்டத் துண்டுகள் விரவியுங் கிடக்கும் உடைசல் போத்தல் உலைக்கு ஏலாது. நிலத்திற் புதைத்தாலும் அஃது உக்குவதில்லை. இவ்வுடைசலுக்குப் பயன் காண்பதே ஈண்டு எழும் வினா.

சல்லிக்குப் பதிலாக இதனைக் கொங்கிறீற்றில் இடுதல் எளிய வழியெனத் தோன்றும். அவ்வெளிமையில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. சில வகைக் கற்களிலுள்ள சிலிக்கா, சீமெந்திலுள்ள காரங்களோடு தாக்கமுற்றுக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்கின்றது என்பதைக் கலிபோர்னிய நெடுஞ்சாலைப் பொறியியலாளர் தோமஸ் ஸ்ரான்ரன் 1940ஆம் ஆண்டில் விளக்கினார். கண்ணாடியிலுள்ள சிலிக்காவோ பளிங்கைப் போல அணுக்கள் ஒழுங்குற அமையாதது. ஆதலாற் காரத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும். தாக்கத்தால் உண்டாகுங் களி நீரை உறிஞ்சி வீங்க, உள்ளிருந்தெழும் அமுக்கம் கொங்கிறீற்றைப் பிளக்கின்றது. இக்கேடு உடனே புலப்படாது. ஆண்டுகள் கழிந்தபின் வெடிப்பாகத் தோன்றும்.

இதற்கு மாற்றுக் கண்ணாடியை விலக்குவதன்று. மேலும் நுண்ணிதாக அரைப்பதேயாம். ஏறக்குறைய 0.075 மில்லிமீற்றரினுஞ் சிறிய துகளாயின் தாக்கம் ஓரிடத்திற் குவியாது எங்கும் பரந்து, தொடக்கக் காலத்திலேயே நிகழ்கின்றது. சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது எஞ்சும் கல்சியம் ஐதரொட்சைட்டு அத்துகளோடு கூடி, சீமெந்துக்கு வலிமை தரும் கல்சியம் சிலிக்கேற்று நீரேற்றையே பின்னும் விளைவிக்கின்றது. பண்டை உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கட்டியதும் இவ்வகைத் தாக்கத்தின் பயனே. பருமனாயிருக்கையிற் பகையான பொருள் நுண்மையுற்றதும் நட்பாகின்றது.

இதனால் விளையும் நன்மை குப்பை குறைதல் மாத்திரமன்று. சீமெந்து ஆக்கச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 பாகை செல்சியசு வரை சூடாக்கல் வேண்டும். எரிபொருளிலிருந்து மட்டுமன்றி, அக்கல்லிலிருந்தும் காபனீரொட்சைட்டு வெளிப்படுகின்றது. மனிதர் செயலால் வெளியேறும் அவ்வாயுவில் நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு சீமெந்துத் தொழிலைச் சார்ந்தது. சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கண்ணாடித் தூள் இடப்படின், அவ்வளவுக்கு அச்சுமை குறையும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சேர்புரூக் பல்கலைக்கழகத்தார் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அதன் பயனாக மொன்றியல் நகரைச் சார்ந்த தீவொன்றிலே டார்வின் பாலங்கள் இரண்டு கண்ணாடித் தூள் கலந்த கொங்கிறீற்றால் அமைக்கப்பட்டன. ஏறக்குறைய 70,000 வைன் போத்தல்களுக்கு ஈடான கண்ணாடி அவற்றிற் சேர்ந்துள்ளது. கொங்கிறீற்றிற் பயன்படும் அரைத்த கண்ணாடிக்கான நியமமொன்றும் 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது.

எனினும், எல்லைகளும் உள. கண்ணாடித் தூள் கலந்த கொங்கிறீற்றுத் தொடக்கத்தில் மெதுவாகவே வலிமை பெறும். அரைத்தலுக்குச் சத்தியும் செலவும் வேண்டும். கண்ணாடியிலே சோடியம் மிகுந்திருத்தலால் உடன் சேருங் கற்களைச் சோதித்தறிதலும் இன்றியமையாதது. மீண்டும் போத்தலாகத்தக்க தூய கண்ணாடியை உலைக்கே அனுப்புதல் முறை; அதற்காகாத உடைசலே கட்டடத்துக்கு உரியது. கழிவென்று தள்ளப்பட்டதன் இயல்பை நுணுகியறிந்தவிடத்து அது செல்வமாகும். அறியாது கலந்தவிடத்து அதுவே சுவரைப் பிளக்கும்.