பிங்: இணையத்தை அளந்து பார்த்தவர்களின் கதை

“நெட் ஸ்லோ.” இன்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகளுள் இதுவும் ஒன்று. இந்த இரண்டு சொற்களுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு செக்கனுக்கு வந்து சேரும் தரவின் அளவு போதாமல் இருக்கலாம். அளவு போதுமாக இருந்தும், கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகலாம். அல்லது அனுப்பியவற்றில் சில வழியிலேயே தொலைந்து போகலாம். காய்ச்சல் என்று வைத்தியரிடம் போனால் அவர் எடுத்தவுடன் மருந்து எழுதுவதில்லை. வெப்பமானி வைத்துப் பார்ப்பார். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இரத்தம் பரிசோதிக்கச் சொல்வார். இணையத்துக்கும் அப்படியான கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சில உங்கள் வீட்டுக் கணினியிலேயே ஏற்கெனவே இருக்கின்றன.

நான் இக்கல்லூரியில் உயர்தரம் கற்று வெளியேறியவள். இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக் கண்காணிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சுவர் நிறையத் திரைகள், திரைகள் நிறைய வரைபுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு முறை வைத்து இருபத்துநான்கு மணித்தியாலமும் ஆட்கள் இருப்போம். என் தொழிலைப் பற்றி எழுதும்படி இதழ்க் குழுவினர் கேட்டார்கள். தொழிலைப் பற்றி எழுதுவதைவிட, நான் ஒரு நாளைக்குப் பல தடவை பயன்படுத்தும் ஒரு சின்னக் கருவியையும் அதைச் செய்தவரையும் பற்றி எழுதுவது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் எதுவும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. நீங்கள் அனுப்பும் ஒரு படம் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் முகவரி எழுதப்பட்டு அனுப்பப்படுகிறது. இத்துண்டுகளைப் பொதிகள் என்கிறோம். வழியில் இருக்கும் ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் தபாற் கந்தோர் போல முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்கு அனுப்பும். ஆனால் பதிவுத் தபால் போன்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. நெரிசலாக இருந்தால் பொதியைக் கைவிட்டுவிடவும் அவற்றுக்கு அனுமதி உண்டு.

அப்படியானால் போன பொதி போய்ச் சேர்ந்ததா என்று எப்படி அறிவது?

1981ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இணைய விதிகளிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. “எதிரொலி” கேட்டு ஒரு பொதி வந்தால், அதைப் பெற்ற கணினி அதையே திருப்பி அனுப்ப வேண்டும். 1983 ஜூலையில் நோர்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில் டேவிட் மில்ஸ் என்ற அறிஞர், இந்த எதிரொலிப் பொதிகள் போய்த் திரும்பும் நேரத்தைக் கணித்துப் பாதையின் தாமதத்தைத் தான் அளந்த விதத்தைச் சொன்னார். அதைக் கேட்டவர்களுள் மைக் மூஸ் என்ற இளைஞரும் ஒருவர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், இராணுவத்துக்குச் சொந்தமான எறிபடை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்.

அந்த வருடம் டிசம்பரில் அவருடைய ஆய்வுகூட வலையமைப்பு விசித்திரமாக நடந்துகொண்டது. மில்ஸ் சொன்னது நினைவுக்கு வர, மூஸ் ஓர் இரவு உட்கார்ந்து நிரல் எழுதினார். எழுதியது இயங்கவில்லை, ஏனென்றால் கணினியின் இயக்க முறைமையில் அதற்கு வேண்டிய வசதியே இருக்கவில்லை. கோபத்தோடு அந்த வசதியையும் தானே எழுதிச் சேர்த்தார். பொழுது விடியுமுன் எல்லாம் சரியாக இயங்கின. ஆனால் அவர் முதலாவது பொதியை அனுப்புவதற்குள், சக ஊழியர் ஒருவர் பழுதான வன்பொருளைக் கண்டுபிடித்துத் திருத்தி முடித்திருந்தார்! உலகமே பயன்படுத்தும் ஒரு கருவி, பிறந்த அன்று எந்தக் கோளாறுக்காகப் பிறந்ததோ அதற்குப் பயன்படவில்லை. அப்போது மூஸுக்கு வயது 25.

நீர்மூழ்கிக் கப்பல்கள் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு எதிரே இருப்பதை அறியும். அந்த ஒலியின் பெயரையே தன் நிரலுக்கும் வைத்தார்: பிங். இது சில சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று பாடக் குறிப்புகள் சிலவற்றில் காணலாம். அந்த விரிவைப் பின்னர் உருவாக்கியவர் மில்ஸ். மூஸ் வைத்தது ஓசைப் பெயர்தான்.

பிங் சொல்வது இரண்டே விடயங்கள். போன பொதி திரும்பியதா? திரும்ப எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது? (ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெக்கன்.) இந்த இரண்டு விடைகளை வைத்து எவ்வளவோ செய்யலாம். மூஸ் தான் கேள்விப்பட்டவற்றுள் மிகவும் விரும்பிச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஓரிடத்தில் வலையமைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர், பொதி திரும்பும் ஒவ்வொரு தடவையும் “பிங்” என்று கணினி சத்தமிடும்படி செய்து, அதை ஒலிபெருக்கியில் இணைத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு கேபிள் இணைப்பையும் கையால் அசைத்துப் பார்த்தார். எந்த இடத்தில் அசைத்தபோது சத்தம் நின்றதோ, அதுதான் பழுதான இணைப்பு.

பிங்கின் எண்களுக்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து இலண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். போய்வர 17,400. ஆகவே மிகச் சிறந்த கேபிளை நேராக இழுத்தாலும் இலண்டனிலிருந்து 87 மில்லிசெக்கனுக்கு முன் பதில் வராது. உண்மையான கேபிள்கள் கடலைச் சுற்றிக்கொண்டு போவதால் இன்னும் கூடும். எவ்வளவு விலையான பெக்கேஜ் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. விளம்பரங்களில் வரும் “வேகம்” என்பது ஒரு செக்கனில் எவ்வளவு தரவு வரும் என்பது மட்டுமே; தாமதம் வேறு கணக்கு. வீட்டுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்பதும், தாங்கியிலிருந்து தண்ணீர் வந்துசேர எவ்வளவு நேரம் என்பதும் இரு வேறு கேள்விகள்தானே.

பிங் பாதையின் இரு முனைகளை மட்டுமே காட்டும். நடுவில் எங்கே கோளாறு என்று அறிய இன்னொரு கருவி தேவைப்பட்டது. அது வந்த காலம் இணையம் மூச்சுத் திணறிய காலம். 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, செக்கனுக்கு 32,000 பிட்களிலிருந்து 40 பிட்களுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் நானூறு யார் மட்டுமே! நாற்பது பிட் என்றால் செக்கனுக்கு ஐந்து எழுத்து. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போயிருந்தால் விரைவில் கொடுத்திருக்கலாம். பொதிகள் தொலையத் தொலைய எல்லாக் கணினிகளும் அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தன என்பதே காரணம். அதை ஆராய்ந்தவர்களுள் ஒருவரான வான் ஜேக்கப்சன், பொதி தொலைந்தால் அனுப்பும் வேகத்தைக் குறைக்கும் முறையை வகுத்தார். இன்றும் நம் கணினிகளுக்குள் அந்த முறையின் வழிவந்தவை ஓடுகின்றன. பாதையை அறியும் டிரேஸ்ரூட் கருவியையும் அதே காலத்தில் எழுதியவர் அவரே. “ஒரு ரவுட்டர் வரை மட்டும் போ” என்று ஒரு பொதி, “இரண்டு வரை போ” என்று அடுத்தது, இப்படி ஒவ்வொன்றாக அனுப்புவார். எல்லை முடிந்த இடத்திலுள்ள ரவுட்டர் பொதியைக் கைவிட்டு, “இங்கே முடிந்தது” என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்திகளைச் சேர்த்தால் பாதை முழுவதும் தெரிந்துவிடும்.

பிறகு 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் எம்ஆர்டிஜி என்ற கருவியை எழுதத் தொடங்கினார். முழுப் பல்கலைக்கழகத்துக்கும் வெளியுலகோடு இருந்தது செக்கனுக்கு 64 கிலோபிட் கொண்ட ஒரே ஓர் இணைப்பு. அது எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் அறிய ஆசை. இக்கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரவுட்டரிடம் “இதுவரை எவ்வளவு தரவு போனது?” என்று கேட்டு, விடையை வரைபாக வரையும். எங்கள் சுவர்த் திரைகளில் ஓடுபவை இந்தக் கருவியின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

இந்த வரைபுகளை வைத்துத்தான் எங்கள் பிரிவில் வாக்குவாதம் சூடு பிடிக்கும். ஐந்து நிமிடச் சராசரியை நம்பலாமா என்பது ஒரு கேள்வி. நம் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிட இடைவேளையில் 600 மாணவிகள் வந்து வாங்குகிறார்கள் என்று வைப்போம். ஆறு மணித்தியாலப் பாடசாலை நாளுக்குச் சராசரி பார்த்தால் நிமிடத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. “கூட்டமே இல்லையே” என்று அதிபர் சொல்லலாம். வரிசையில் நின்று, ஒரு ரோல்ஸ் வாங்குமுன் மணியடித்துவிட்ட பிள்ளையைக் கேட்டால் வேறு கதை சொல்வாள். வலையமைப்பிலும் சில செக்கன் நெரிசல் ஐந்து நிமிடச் சராசரியில் கரைந்துவிடும். வரைபு பாதிகூட நிரம்பாமல் இருக்க, வாடிக்கையாளரின் குரல் அழைப்பு அறுந்துகொண்டிருக்கும்.

எங்களில் மூத்த பொறியியலாளர் ஒருவருக்குப் பிங்கிலும் முழு நம்பிக்கை கிடையாது. ரவுட்டரின் முதல் வேலை பொதிகளைக் கடத்துவது. எதிரொலிக்குப் பதில் சொல்வதை அது ஓய்வு கிடைக்கும்போது செய்யும். ஆகவே தாமதமான பதில் எப்போதும் தாமதமான பாதைக்குச் சாட்சியாகாது என்பார். சில நிறுவனங்கள் பாதுகாப்புக் கருதிப் பதிலே சொல்வதில்லை. பதில் இல்லாததால் அந்தக் கணினி இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. இவையெல்லாம் சரியான கருத்துகளே. ஆனாலும் எங்காவது கோளாறு என்று தொலைபேசி ஒலித்தால், அவருடைய விரல்களும் முதலில் தட்டுவது பிங் என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஓர் இரவு முறையில் மூஸைப் பற்றியே பேச்சு வந்தது. அவர் 2000 நவம்பர் 20ஆம் திகதி மேரிலாந்தில் ஒரு வீதி விபத்தில் இறந்தார். வயது 42. பொருள்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் பிஆர்எல்-கேட் என்ற பெரிய மென்பொருளைத் தொடங்கி வளர்த்தவர் அவர். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஓர் இணைப்பில் உண்மையில் எவ்வளவு தரவு போகிறது என்று அளக்கும் டிடிசிபி கருவியையும் 1984இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். இவ்வளவு இருக்க, ஓர் இரவில் எழுதியதால் மட்டும் அவரை நினைவுகூர்வது நியாயமா என்று ஒருவர் கேட்டார். பிங்தான் தன் பெயரை நிலைக்கச் செய்யும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் அதில் செலவழித்திருப்பேன் என்று மூஸே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், அவர் அந்த ஓரிரு நாளைச் செலவழிக்காதது நல்லது. ஒரே ஒரு கேள்வி கேட்பதால்தான் பிங்கை யாரும் நம்புகிறார்கள். இன்னொன்று, அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை. உடனடியாகப் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். அது அவர்களுடைய யுனிக்ஸில் சேர்ந்து அங்கிருந்து எங்கும் பரவியது.

இனி வீட்டுக்கு வருவோம். சென்ற வருடம் என் சாச்சியின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு இணைய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மாலையானால் ஆசிரியையின் குரல் துண்டு துண்டாகும். இணைப்பு விற்க வந்த ஒருவர், மாதம் இரண்டாயிரம் ரூபாய் கூடிய பெக்கேஜுக்கு மாறச் சொன்னார். சாச்சி அதற்கு எந்தச் செலவைக் குறைப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே போனேன். பிள்ளை படிக்கும் அறையிலிருந்து வீட்டு ரவுட்டருக்கே பிங் செய்தேன். வெளியே போகவில்லை, அடுத்த அறைக்குத்தான். பத்தில் மூன்று பொதி திரும்பவில்லை. திரும்பியவை சிலவேளை 300 மில்லிசெக்கன் எடுத்தன. லெப்டொப்பை ரவுட்டர் அருகே கொண்டுபோய்ச் செய்தால் 2 மில்லிசெக்கன், ஒன்றும் தொலையவில்லை. இடையிலிருந்த இரண்டு செங்கற் சுவர்கள்தான் காரணம். பதினைந்து மீற்றர் கேபிள் ஒன்று வாங்கிப் போட்டோம்.

அதற்குப் பிறகும் இரவு எட்டு மணியளவில் குரல் உடைந்தது. இம்முறை வெளியிலுள்ள ஒரு சேவருக்குப் பிங் செய்துகொண்டே காத்திருந்தோம். நாற்பதுகளில் நின்ற எண் திடீரென்று 700க்கு ஏறியது. தம்பி வேலையிலிருந்து வந்து, அவனுடைய கைபேசி அன்று எடுத்த வீடியோக்களைத் தானாகவே மேலேற்றத் தொடங்கிய நேரம் அது. மேலே அனுப்பும் பாதை குறுகியது. பொதிகள் ரவுட்டரில் வரிசையாகத் தேங்கின, வகுப்பின் பொதியும் அவற்றுக்குப் பின்னால் நின்றது. மேலேற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றினோம். பெக்கேஜ் பழையதுதான். பிள்ளை பரீட்சை எழுதி முடித்துவிட்டாள்.

செய்து பார்க்க விரும்பும் மாணவிகள் விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு முகவரியைக் கொடுங்கள். முதலில் வீட்டு ரவுட்டரின் முகவரி. பல வீடுகளில் 192.168.1.1 என்றிருக்கும், இல்லாவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். பிறகு வெளியே ஒன்று, 8.8.8.8 நன்றாகப் பதில் சொல்லும். காலையில், வகுப்பு நேரத்தில், இரவில் என்று ஒரு வாரம் செய்து, நேரத்தையும் எண்ணையும் தொலைந்த பொதிகளையும் கொப்பியில் எழுதி வையுங்கள். ரவுட்டர் வரையே எண் கெட்டிருந்தால் பழுது உங்கள் வீட்டுக்குள். ரவுட்டர் வரை நன்றாக இருந்து, வேறு யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் வெளியே கெட்டிருந்தால் சேவை நிறுவனத்துக்கு அழையுங்கள். அப்போது “நெட் ஸ்லோ” என்று சொல்ல வேண்டாம். கொப்பியைத் திறந்து எண்களை வாசியுங்கள். மறுமுனையில் இருக்கும் என் போன்றவர்களால் அதற்குப் பிறகு “ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்க முடியாது.