உங்களுக்குத் தெரியுமா? சொன்னதைச் செய்யுதா சாஃப்ட்வேர்?

ஒரு முகம் சரியாகச் சிரிக்கிறதா என்று பார்த்தே பிரவுசர்களை எடை போட்டார்கள்! 2005 ஏப்ரலில் வந்த 'ஆசிட் 2' சோதனை அது. வெப் ஸ்பெக்கில், அதாவது மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிப்புத்தகத்தில், எழுதியதை அப்படியே செய்யும் பிரவுசரில் மஞ்சள் முகம் ஒன்று அழகாகச் சிரிக்கும். பிசகினால் முகமே கோணல்மாணல்! முதலில் தேறியது ஆப்பிளின் சஃபாரி. மறு வருடம் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7? ஃபெயில்!

2008-ல் 'ஆசிட் 3'. மொத்தம் 100 சோதனை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 எவ்வளவு வாங்கியது தெரியுமா? வெறும் 20!

இன்னும் கேளுங்கள். அதே ஆசிட் 3-ல் நூற்றுக்கு நூறு வாங்கிய குரோமும் ஃபயர்பாக்ஸும் 2017 வாக்கில் மார்க்கைக் கோட்டைவிட்டன! பிரவுசர் கெட்டுப்போகவில்லை. ஸ்பெக்கையே மாற்றிவிட்டார்கள். கேள்வித்தாள்தான் பழசு!

அடுத்தது என் செல்லக் கண்டுபிடிப்பு. கம்ப்யூட்டர் உலகின் பெரிய வாத்தியார் டொனால்ட் நூத், 1964-ல் அல்கால் 60 என்ற புரோகிராம் மொழியின் கம்பைலர்களுக்கு (புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள்) சின்னதாக ஒரு பரீட்சை வைத்தார். பெயரே 'ஆம்பளையா, பொடியனா' சோதனை! ஸ்பெக்கை ஒழுங்காகப் பின்பற்றும் கம்பைலருக்கு மட்டுமே சரியான விடை வரும். விடை −121 ஆக இருக்கும் என்று ஊகித்தார் நூத். உண்மையான விடை −67! கேள்வி போட்டவரே அவுட்!

அதே நூத் எழுதிய அச்சுக்கோர்ப்பு மென்பொருள் டெக். யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாக எழுதலாம். ஆனால் 'ட்ரிப்' என்ற சித்திரவதைச் சோதனையில் தேறாவிட்டால் அதற்கு டெக் என்று பெயர் வைக்கக் கூடாது! அந்தச் சோதனை அச்சடிக்கும் பக்கத்தைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. வேண்டுமென்றே அப்படி!

டெக்கில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2008 வரை நூத் கையெழுத்துப் போட்ட காசோலை போனது! 2.56 டாலரில் தொடங்கி வருடாவருடம் இரட்டிப்பாகி, 327.68 டாலரில் வந்து நின்றது. திருத்தத் திருத்த டெக்கின் பதிப்பு எண் 'பை'யை நெருங்கும். 2021-ல் 3.141592653!

சோதனையெல்லாம் வேண்டாம், கணக்காகவே நிரூபிக்கிறோம் என்று இறங்கினார்கள் சிட்னி ஆராய்ச்சியாளர்கள். 2009-ல் எஸ்.இ.எல்.4 என்ற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் கருவை ஸ்பெக்கோடு வரிக்கு வரி பொருத்திக் காட்டினார்கள். நிரலோ சுமார் 8,700 வரி சி. நிரூபணம்? 2,00,000 வரி!

அந்த நிரலில் ஓட்டிப் பார்த்துச் சிக்கிய பிழைகள் 16. நிரூபிக்கும்போது சிக்கியவை 144! அதோடு விட்டதா? ஸ்பெக்கிலேயே நூற்றுக்கணக்கான திருத்தம்! சட்டமே தப்பு என்றால் குற்றவாளி யார், சொல்லுங்கள்!

1998-ல் திறந்த பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் பாதையில் டிரைவரே கிடையாது. அதன் பாதுகாப்பு மென்பொருளுக்கு 27,800 நிரூபணங்கள்! நிரூபித்த பிறகு அதில் சிக்கிய பிழை? பூஜ்யம்!

யூட்டா பல்கலைக்கழகத்தில் கண்டபடி சி புரோகிராம் எழுதித் தள்ளும் கருவி ஒன்று செய்தார்கள். ஒரே புரோகிராமைப் பல கம்பைலர்களிடம் கொடுப்பது. விடை வேறுபட்டால் ஆள் மாட்டிக்கொண்டார்! 2011-க்குள் சிக்கிய பிழைகள் 325-க்கும் மேல். சோதித்ததில் ஒரு கம்பைலர்கூடத் தப்பவில்லை! கணக்காக நிரூபிக்கப்பட்ட 'காம்ப்சர்ட்' கம்பைலரிலும் பிழை இருந்தது. ஆனால் எங்கே? நிரூபிக்காமல் விட்ட பகுதியில்!

ஸ்பெக்கை மீறினால் என்ன ஆகும்? ஸ்பெக்கில் இருந்த அலகு நியூட்டன். மென்பொருள் கொடுத்தது பவுண்டு. வித்தியாசம் 4.45 மடங்கு! 1999 செப்டம்பர் 23-ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் மாயம்!

ஏரியான் 4 ராக்கெட்டில் சமர்த்தாக ஓடிய மென்பொருளை ஏரியான் 5-ல் அப்படியே வைத்தார்கள். புது ராக்கெட் பறக்கும் பாதை அதன் ஸ்பெக்கில் இல்லவே இல்லை. 1996 ஜூன் 4-ல் கிளம்பியது. 40 விநாடிக்குள் சிதறல்!

கடைசியாக ஒன்று, நீங்களே செய்து பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்து 60 என்று அடியுங்கள். தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் உலகத்திலேயே கிடையாது! லோட்டஸ் 1-2-3 செய்த தப்போடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்த தப்பு. இன்றுவரை எடுக்கவில்லை!