விறகுப் படகும் பாடு முறையும்

மீஞ்சூர் வட்டாரத்து மூத்த வணிகர்களிடம் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்துவிடும். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பழவேற்காட்டையும் தாண்டி ஆந்திரம் வரை நீண்ட நீர்வழி அது. இப்பெயர் வந்தது 1878இல்.

ஸ்ரீஹரிகோட்டாவில் வெட்டிய சவுக்கு இவ்வழியேதான் சென்னை விறகுத் தொட்டிகளுக்குப் போயிற்று. காற்றடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கோலூன்ற வேண்டும், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 1969இல் அந்தத் தீவு ராக்கெட் தளத்துக்குத் தேர்வாயிற்று. மண்ணெண்ணெயும் கேஸும் மிச்சத்தை முடித்தன.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பதற்கு 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடுவது என்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கடன் கொடுக்கும் கடைக்காரருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. பாடு இல்லாத நாளில் பாக்கி கேட்டு என்ன பயன்?

இன்று எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகள் நம் பக்கம் ஓடுகின்றன. அன்று இருபது வயதில் படகு இழுத்தவருக்கு இப்போது எண்பது வயது இருக்கும். அவரிடம் படகுக் கூலி, தங்கிய துறைகள், ஏற்றிய சரக்கு எல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். பரணில் பழைய விறகுக் கணக்கு நோட்டு கிடந்தால், எடைக்குப் போடும் முன் சங்கத்தில் ஒருமுறை காட்டுங்கள்.