‘ஆமென்’ போட்டால் என்ன ஆகும்?

இறால் உடலோடு இயேசு, பிளாஸ்டிக் பாட்டில்களால் கார் செய்த ஏழைச் சிறுவன் என்று 2024-இல் ஃபேஸ்புக்கில் ஏஐ படங்கள் குவிந்தன. அவற்றை நிஜம் என்று நம்பி, கீழே ‘ஆமென்’ போட்டவர்களில் நம் பெரியவர்களும் உண்டு.

ஏன் நம்புகிறார்கள்? அறிவு மங்கிவிட்டது என்பது அநியாயமான பேச்சு. வயதாக ஆக, பார்த்த விஷயம் மனதில் தங்கும்; எங்கே பார்த்தோம், யார் சொன்னார்கள் என்பதுதான் முதலில் நழுவும். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது உண்மைபோலத் தோன்றுவதோ எல்லா வயதினருக்கும் பொது; இப்படித் தோன்றுவது 1977-லேயே ஆய்வில் தெரியவந்தது.

அந்த ஒரு ‘ஆமெனை’ ஃபேஸ்புக்கின் அல்காரிதம் விருப்பமாகக் கணக்கிட்டு, அதேபோன்ற படங்களை மேலும் மேலும் காட்டும்.

கேலி செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள். படத்தைப் பெரிதாக்கி, பின்னால் பெயர்ப்பலகையில் எழுத்து குழம்பியிருந்தால் காட்டுங்கள். பிறகு பதிவின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அத்தகைய பதிவுகளை மறைக்கச் சொல்லிக்கொடுங்கள்.