தாத்தா வீட்டை இடிக்கலாமா, புதுப்பிக்கலாமா? முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

மயிலாப்பூர் சந்திலோ, தி.நகர் உட்தெருவிலோ உங்க குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு இருக்கா? அப்போ 'இடிச்சுட்டு ஃபிளாட் கட்டலாம்'னு சித்தப்பாவும், 'நான் இருக்கிறவரைக்கும் முடியாது'ன்னு பாட்டியும் மோதிக்கிற பஞ்சாயத்து ஃபேமிலி குரூப்ல நிச்சயம் ஓடிட்டிருக்கும்.

யார் பக்கம் சேர்றதா இருந்தாலும், கொத்தனாரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி பத்திரத்தை எடுங்க. நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுகள் எல்லோரின் கையெழுத்தும் வேண்டும், அமெரிக்காவில் இருக்கும் அத்தை உட்பட. பத்திரத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி என்று இருக்கும். டேப் வைத்து அளந்தால் குறையும். பட்டா, பத்திரம், நேரில் அளந்தது மூன்றும் ஒத்துப்போகணும். பலருக்கும் கட்டுமானத்தைவிட இந்த வேலைதான் இழுத்தடிக்கும்.

வெள்ளையடிக்க, தரை மாற்ற, பூச்சு வேலை செய்ய, கதவு ஜன்னல் மாற்றவெல்லாம் திட்ட அனுமதி தேவையில்லை. சுவரை எடுத்து ஹாலைப் பெருசாக்குறது வேற கதை. சென்னையின் பழைய வீடுகள் பல 'மெட்ராஸ் டெரஸ்' வகை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்துக் கட்டிய கூரை. பாரத்தைத் தாங்குவது சுவர்தான், தூண் இல்லை. அதனால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் சுவரில் கை வைக்கவோ, மேலே ஒரு மாடி ஏற்றவோ கூடாது. சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசவும் சம்மதிக்காதீங்க. ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு, சீக்கிரமே பூச்சு உப்பிக் கொட்டும்.

சரி, இடிச்சுட்டுத்தான் கட்டப்போறோம்னா? 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி, உயர் கட்டடம் அல்லாதவற்றுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி வரை. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடம், கார் பார்க்கிங் எல்லாம் போக, அவ்வளவும் கிடைக்குமாங்கிறது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்கும் தெரு குறைந்தது 9 மீட்டர் இருக்கணும். பில்டர் கூடுதல் மாடி காட்டி ஆசை வார்த்தை பேசினால், முதலில் தெருவை அளங்க. அடையாறு ஆற்றோரம் என்றால் இன்னொரு சிக்கல்: கடல் நீர் ஏறி இறங்கும் ஆறு என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும்.

சின்ன வீடு போதும்னு நினைக்கிறவங்களுக்கு, 2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டம் நல்ல வழி. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் தளம் கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. சென்னைக்கு அப்போது அறிவித்த கட்டணம் சதுர அடிக்கு 100 ரூபாய். 3,000 சதுர அடிக்கு மூன்று லட்சம். ஆனால் கொடுக்கும் தகவலுக்கு நீங்கதான் பொறுப்பு. தப்பாச் சொன்னால் அனுமதி ரத்தாகும்.

செலவில் எல்லோரும் 'சதுர அடிக்கு எவ்வளவு'ன்னு மட்டும்தான் கேட்கிறாங்க. பொருளோடு சேர்த்து கான்ட்ராக்ட் விட்டால் 18 சதவிகித ஜி.எஸ்.டி. தனி. ஒரே ஒரு வீட்டைப் புதிதாகக் கட்டும்போது, பொருளை நீங்களே வாங்கிக் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டால் அந்தக் கூலிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வேலை முடியும்வரை வெளியே வாடகை, கட்டுமானத்துக்கான தற்காலிக கரன்ட் கனெக்‌ஷன், கூடப்போகும் சொத்துவரி இதையெல்லாம் யாரும் எஸ்டிமேட்டில் எழுத மாட்டாங்க.

வரவும் ஒண்ணு உண்டு. பழைய வீடு இடிப்பவர்கள் பர்மா தேக்கு உத்தரம், கதவு, கம்பிக்காக உங்களுக்கே பணம் கொடுப்பாங்க. முதல் ஆள் சொல்ற விலைக்குத் தலையாட்டாதீங்க, இரண்டு மூன்று பேரிடம் விசாரிங்க. வாசக்கதவையும் ஊஞ்சல் பலகையையும் மட்டும் கணக்கில் சேர்க்காம ஓரமா எடுத்து வெச்சுடுங்க, பாட்டி கேட்பாங்க.