பெட்டி தள்ளும் குட்டி வண்டி

மாதிரி ரயில் பெட்டிகளை வரிசைப்படுத்தும் புதிர் ஒன்று உண்டு: பிரிட்டனின் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் அமைப்பு. கிளைத்தடங்கள் மூன்று: ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டுப் பெட்டிகளில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரலாம்!

கிளைத்தடங்கள் வந்து சேரும் முன்தடத்தில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும்தான் அடங்கும். எஞ்சினுக்குப் பதில் டிராக்மொபைல் என்ற குட்டி இழுவை வண்டியின் மாதிரியை விட்டால், தடம் அமைந்த மேடையின் நீளமும் குறைகிறது. அமெரிக்காவில் 1948-இல் பிறந்த அசல் வண்டி சாலையிலும் ஓடும், தண்டவாளத்திலும் ஓடும். பெட்டியின் முனையை இணைப்பியால் நெம்பி, அதன் பாரத்தில் ஒரு பங்கைத் தன் சக்கரங்களில் ஏற்றிக்கொண்டு இழுக்கும். அதன் பலமே அந்த வாங்கிய பாரம்தான். 1:87 அளவு மாதிரியால் அது முடியாது. எடையும் குறைவு, சக்கரங்களும் நெருக்கம். தடம் பிரியும் பாயின்ட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டில் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். மற்ற இடங்களிலாவது மின்சாரம் தடையின்றிக் கிடைக்கத் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.